தடைக்காலத்தில் விட்ட பீடி கடலில் மறுபடி இழுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: பாம்பனில் விசைப்படகுத் தொழிலாளி நான். வயது 44. இருபது வருஷத்துக்கு மேல் பீடி குடித்தவன். இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று நான், என் மச்சான், பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர், மூன்று பேரும் பேசி வைத்து ஒரே நாளில் நிறுத்தினோம். கரையில் இருந்த இரண்டு மாதமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதால் சமாளித்தோம். கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகு மூவரும் வேறு வேறு படகு. முதல் வாரத்திலேயே நண்பர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். நானும் மச்சானும் இன்னும் தொடவில்லை. ஆனால் ராத்திரி வலையை விட்டுவிட்டு உட்காரும்போது ஆசை வந்து உலுக்குகிறது. மாதக்கணக்கில் ஆகியும் ஏன் இப்படி? "அவனோடு சேர்ந்தால் நமக்கும் திரும்பிவிடும், பேச்சை விட்டுவிடுவோம்" என்கிறார் மச்சான். அது சரியா?

பதில்: மச்சான் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனாலும் நண்பரை விட்டுவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் ஆசை பற்றி.

பீடியை நிறுத்திய சில நாட்களிலேயே நிகோட்டின் உடம்பை விட்டுப் போய்விடும். எரிச்சல், தூக்கம் பிடிக்காமை, பசி, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தை நீங்கள் மே மாதத்திலேயே தாண்டிவிட்டீர்கள். இப்போது உங்களை உலுக்குவது உடம்பின் கேட்பு அல்ல, இடத்தின் பழக்கம். இருபது வருஷமாக வலை இறங்கியதும் ஒரு பீடி, மீன் சேரும் வலைப்பையான மடியைத் தூக்கிக் கொட்டியதும் ஒரு பீடி, மீனைப் பிரித்து ஐஸ் போட்டதும் ஒரு பீடி என்று பற்றவைத்திருப்பீர்கள். அந்த வேலை ஒவ்வொன்றும் மூளையில் பீடியோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில் நீங்கள் அவிழ்த்தது கரையில் இருந்த முடிச்சுகளை மட்டும்தான். கடலில் இருந்தவற்றை அப்போது நீங்கள் தொடக்கூட இல்லை.

அதனால் ஜூனில் படகேறிய நாளை இரண்டாவது தொடக்கமாக எண்ணுங்கள். நண்பர் வழுக்கியதும் அங்கேதான். மன உறுதி குறைவு என்று அவரைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கடற்கரையில் தாற்காலிகமாகப் பீடியை விடுவதில் எல்லோருக்கும் நல்ல பழக்கம் உண்டு. மாலை போட்டால் விடுவார்கள். தவக்காலத்தில் விடுவார்கள். ரமலானில் பகல் முழுக்கத் தொட மாட்டார்கள். நாற்பது நாள் விட முடிந்தவருக்கு நானூறு நாளும் முடியும் என்பதற்கு இவர்களே சாட்சி. ஆனால் இந்த விரதம் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு நாள் இருக்கிறது. மாலையைக் கழற்றிய கையோடு பெட்டிக்கடைக்குப் போய்விடுவார்கள். தடைக்காலமும் அப்படித்தான் மனதில் பதிந்துவிடுகிறது. "தடை முடிகிறவரைக்கும்" என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், அவரே ஒப்புக்கொள்வார். உங்களுக்குள்ளும் அப்படி ஏதாவது தேதி ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல், மகள் கல்யாணம், படகுக் கடன் அடைகிற நாள், எதுவாகவும் இருக்கலாம்.

சரி, நண்பர் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்ற ஊரில் பன்னிரண்டாயிரம் பேரை முப்பது வருஷத்துக்கு மேல் கவனித்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. கணவன் மனைவியில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்திருந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். சிறிய இடத்தில் கூட வேலை பார்ப்பவர் விட்டால் 34 சதவீதம். கூடப் பிறந்தவர் விட்டால் 25 சதவீதம்தான். ஆட்கள் தனித்தனியாக விடுவதைவிடக் கூட்டம் கூட்டமாகவே விட்டிருக்கிறார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஐந்தாறு பேர் போகும் ஒரு படகை நினைத்துப் பாருங்கள். அதைவிடச் சிறிய வேலையிடம் எது?

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும் என்பதுதான் மச்சானின் பயம். அது பொய்யில்லை. ஆகவே நண்பரோடு உறவு இருக்கட்டும், பீடி நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர் பற்றவைத்தால் எழுந்து போய்விடுங்கள், அணைத்ததும் திரும்பி வாருங்கள். கோபித்துக்கொண்டு போகிறீர்கள் என்று அவர் நினைத்துவிடாதபடி முன்னாடியே சொல்லி வையுங்கள்: "மாப்ள, எனக்கு இன்னும் வாசனை வந்தா கஷ்டமா இருக்கு. அணைச்சிட்டுக் கூப்பிடு."

அவரிடம் பேசும்போது "ஏன் குடிச்சே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் வெட்கம்தான் மிஞ்சும். எந்த நேரம், யார் நீட்டினார்கள், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒருவேளை மடி கிழிந்து மீன்பாடு இல்லாமல் போன ராத்திரியாக இருந்திருக்கலாம். ஒருவேளை தேநீரோடு யாரோ பற்றவைத்தே கையில் கொடுத்திருக்கலாம். உங்கள் மூவரில் கடலில் எங்கே வழுக்கும் என்று நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்த விவரம் உங்களுக்கும் மச்சானுக்கும் வேண்டும். அதைக் கேட்டு வாங்கினால், தோற்றுப் போனவராக நின்றவர் உங்களுக்கு வழி சொல்பவராக மாறிவிடுவார். இப்படி மாறியவர்கள் திரும்ப விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பீடி குடித்துவிட்டதும் மனசு என்ன சொல்லும் தெரியுமா? "எல்லாம் போச்சு, இனி என்ன." ஒரு பீடியை ஒரு கட்டாக்குவது அந்தப் பேச்சுதான். அந்த ஒன்றோடு நிறுத்திவிட்டு அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டால், விட்ட மாதங்கள் வீணாகாது. மறுபடி விடுவதற்கு நண்பர் அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வாரத்தில் ஒரு தேதி குறிக்கட்டும். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் முதல் நாள் கரையிலேயே கழியும். பெரும்பாலானவர்கள் பலமுறை முயன்றுதான் முழுதாக விடுகிறார்கள்.

இனி கடலில் ஒருவருக்கு ஒருவர் எப்படி உதவுவது? இங்கேதான் நீங்கள் மூவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "ஆசை வந்தால் போன் பண்ணு" என்று நகரத்துக்காரர்களுக்குச் சொல்லிவிடலாம். கரையை விட்டுத் தள்ளிப் போனபின் உங்கள் போனில் சிக்னல் இருக்காது. ஆகவே உதவியைக் கரையிலேயே வாங்கி, கையோடு கொண்டுபோக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் மூவரும் ஒருவருக்கு ஒருவர் ஒரு நிமிஷம் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டால் போனில் இறங்கிவிடும், பிறகு சிக்னல் இல்லாமலும் கேட்கலாம். அறிவுரை வேண்டாம். "நேத்து ராத்திரி எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன், கயிறைச் சுத்தி வச்சேன், அப்புறம் அடங்கிடுச்சு" என்கிற மாதிரி நடந்ததைச் சொன்னால் போதும். ஆசை என்பது ஏறி, சில நிமிஷம் நின்று, தானாக இறங்கிவிடும் ஒன்று. கூட இருக்கும் ஒருவர் குரலைக் கேட்டுக்கொண்டே அந்தச் சில நிமிஷத்தைக் கடத்திவிடலாம். வீட்டுக்காரம்மாவோ பிள்ளைகளோ பேசி அனுப்பினாலும் நல்லதுதான். ஆனால் அதே ராத்திரியை அதே தண்ணீரில் கடந்தவர் பேசுவதற்குத் தனி பலம் உண்டு.

இரண்டாவது, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பும் முன் ஒரு பேச்சு, கரை திரும்பியதும் ஒரு பேச்சு. திரும்பி வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி "குடிச்சியா" அல்ல, "எப்போ கஷ்டமா இருந்துச்சு?" என்பது. குடித்திருந்தாலும் அதற்குள் சொல்லிவிடுவார்.

மூன்றாவது, உங்கள் படகிலேயே ஒருவர். அவர் பீடி குடிப்பவராக இருந்தாலும் பரவாயில்லை. அவரிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: "நான் கேட்டாலும் எனக்குக் கொடுக்காதே." அரிசி, தேயிலை, சீனியோடு பீடிக்கட்டும் எல்லோருக்குமாக ஏறும் வழக்கம் உங்கள் படகில் இருந்தால், உங்கள் பங்குக்கு வேறு ஏதாவது வாங்கச் சொல்லுங்கள். சோம்பு, கிராம்பு, சீசனில் அவித்த பனங்கிழங்கு என்று வாய்க்கும் கைக்கும் வேலை தருவது எதுவானாலும் சரி. பனங்கிழங்கை நார் உரித்து மென்று முடிக்கும் நேரத்துக்குள் ஆசை இறங்கியிருக்கும். பீடிக்குப் பதில் ஹான்ஸ், கூல் லிப் என்று உதட்டுக்குள் அடக்கிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். அதுவும் புகையிலைதான், நிகோட்டின் அடிமைத்தனம் அப்படியே இருக்கும், வாய்ப் புற்றுக்கும் அது வழி.

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை, பலருக்கு இது தெரிவதில்லை. புகையில் உள்ள சில ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி, தேநீரிலும் காபியிலும் உள்ள கஃபீனைச் சீக்கிரம் வெளியேற்ற வைக்கும். பீடியை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். அப்போது முன்னே குடித்த அதே அளவு தேநீர் உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை எல்லாம் வரும். அதைப் பீடி ஆசை என்று நினைத்துக்கொள்கிறோம். ராத்திரித் தேநீரைப் பாதியாக்கிப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கோ மனநலத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் பீடியை விட்ட விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

இனி வரும் மழைக்காலம் உங்களுக்கு அடுத்த சோதனை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகள் நாள்கணக்கில் கட்டிக் கிடக்கும். வேலை இல்லை, வருமானம் இல்லை, கடற்கரையில் கூட்டமாக உட்கார்ந்திருப்பது மட்டும்தான். தெரிந்த படகு எல்லையில் பிடிபட்டது என்ற செய்தி வரும் நாட்களும் இப்படித்தான். ஊரே கலங்கி நிற்கும்போது யாரோ ஒருவர் ஆறுதலாகப் பீடியை நீட்டுவார், மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். கல்யாண வீடு, துக்க வீடு, திருவிழாப் பயணம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மது இருக்கும் இடம் இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. குடித்த பின் "ஒன்னே ஒன்னு" என்பது எளிதாகிவிடும். முதல் வருஷமாவது அந்தக் கூட்டத்தில் உட்காராமல் இருந்துவிடுங்கள். முடியாவிட்டால் மச்சானைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் பீடி இல்லாமல் திரும்புவது என்று வீட்டிலேயே பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வருஷம் தாண்டியபின் வேறு மாதிரி ஆபத்து வரும். ஆசையே இருக்காது. "இனி ஒன்று குடித்தால் என்ன ஆகிவிடும், நான்தான் விட்டவனாச்சே" என்று தோன்றும். இந்தக் கட்டத்துக்குத்தான் பழைய ஆட்கள் தேவை. உங்கள் தெருவிலோ கோயில், சர்ச், பள்ளிவாசல் பக்கத்திலோ பத்து வருஷம் முன்னால் பீடியை விட்டவர் யாராவது நிச்சயம் இருப்பார். அவரிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். கேளுங்கள். படகு போகாத ஒரு நாளில் உங்கள் மூவரோடு அரை மணி நேரம் அவரும் உட்காரட்டும். புதிதாக விடுபவருக்கு நீங்களும் அப்படிப் பேசுங்கள். மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவருக்குத் தன் உறுதி மறக்காது.

இப்படிக் கூடும்போது அபராதம், பந்தயம், சத்தியம் எதுவும் வைக்காதீர்கள். எனக்கு இதில் கண்டிப்பான கருத்து உண்டு. அபராதம் வைத்தால் வழுக்கியவர் மறைப்பார், மறைப்பவர் வராமல் போவார். நண்பர் விலகி நின்றால் அதுவும் பாதி வெட்கத்தால்தான் இருக்கும்.

நண்பருக்கு மருந்து உதவியும் வேண்டியிருக்கலாம். மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று துப்பிவிட்டுப் "பலனில்லை" என்பவர்கள்தான் அதிகம். மெதுவாக மென்று, நாக்கில் சுருக்கென்று தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்து தேநீர், காபி கூடாது. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவருக்குக் கூடுதல் வீரியம் தேவைப்படலாம், மருத்துவர் சொல்வார். இதய நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் விட்டுவிட்ட உங்களுக்கு இது தேவைப்படாது. புகையிலை நிறுத்தத்துக்கான தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் டாக்டரைப் பார்க்கலாம்.

மச்சானிடம் இதையும் சொல்லுங்கள்: பீடி இல்லாமல் ஒரு வருஷம் நிறைந்தால் இதய நோய் வரும் ஆபத்து, புகைப்பவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றின் ஆபத்தும் பாதியாகும்.

விட்ட முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடினால் பயப்பட வேண்டாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. ஆனால் இத்தனை மாதம் கழித்தும் உங்கள் மூவரில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் தொடர்ந்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, உடம்பு இளைத்தாலோ, பீடி குடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மனதில் வைத்து அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பணம் எதுவும் வாங்க மாட்டார்கள். மடி இழுக்கும்போது நெஞ்சு அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அடுத்த வலை இழுப்புக்குக் காத்திருக்காமல் உடனே படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள்.