பெர்லின் கச்சேரிப் படம்: இன்ஸ்டாகிராமில் பெயர் விடுபட்டால்

பெர்லின் கச்சேரியில் நீங்கள் எடுத்த படத்தை இசைக்குழு உங்கள் பெயர் போடாமல் இன்ஸ்டாகிராமிலும் போஸ்டரிலும் பயன்படுத்தியிருந்தால், பெயரைக் கேட்டு வாங்கலாம், சட்டம் உங்கள் பக்கம். ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, படத்தை எடுத்தவர் நீங்கள்தான் என்று குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. முதலில் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு குழுவின் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: பதிவின் இணைப்பு, பெயர் வர வேண்டிய சரியான வடிவம், ஒரு கெடு தேதி. போட்ட பிறகும் இன்ஸ்டாகிராமில் கேப்ஷனைத் திருத்தலாம், டேக் செய்யலாம். "இனி மாற்ற முடியாது" என்றால் ஏற்காதீர்கள்.

மெட்டாடேட்டாவில் (கோப்புக்குள்ளேயே பதியும் விவரங்களில்) பெயர் போட்டும் அது காணாமல் போகலாம். இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போது அது பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். ஆனால் போஸ்டருக்குப் போன கோப்பிலும் பெயர் இல்லையென்றால், படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமின் எக்ஸ்போர்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'காப்பிரைட் மட்டும்' என்று வைத்திருந்தால் உங்கள் தொடர்பு விவரம் கூடவே போகாது. இம்போர்ட்டின்போது ப்ரீசெட் (பெயர், காப்பிரைட்டைத் தானாக நிரப்பும் முன்னமைவு) போடாமல் விட்டிருந்தால் காப்பிரைட் கட்டமே காலியாக இருக்கலாம்.

சரிபார்க்க:

1. மேலாளருக்கு அனுப்பிய அதே ஜேபெக்கை எக்சிஃப்டூலில் (மெட்டாடேட்டாவைக் காட்டும் மென்பொருள்) திறந்து கிரியேட்டர், கிரெடிட் லைன், காப்பிரைட் நோட்டீஸ் மூன்றையும் பாருங்கள்.
2. கோப்புப் பெயரிலும் உங்கள் பெயரைச் சேருங்கள். வடிவமைப்பாளர் மெட்டாடேட்டாவைத் திறப்பது அரிது. கோப்புப் பெயர் கண்ணில் பட்டே தீரும்.

பெயர் விட்டதற்காக உரிமத் தொகைக்கு இணையான தொகையைக் கூடுதலாக வழங்கிய ஜெர்மன் தீர்ப்புகள் உண்டு. ஆனால் போட்டோ பாஸ் (கச்சேரியில் படமெடுக்கும் அனுமதி) வாங்கும்போது கையெழுத்திட்ட தாளை முதலில் படியுங்கள். பெயர் போடத் தேவையில்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தால் உங்கள் கோரிக்கை வலுவிழக்கும். வக்கீலிடம் காட்டாமல் பணம் கேட்டு எழுத வேண்டாம்.