காட்வின் விதி என்றால் என்ன? இணைய வாக்குவாதம் ஏன் ஹிட்லரில் போய் நிற்கிறது?

இணையத்தில் ஒரு விவாதம் நீள நீள, யாராவது யாரையாவது ஹிட்லரோடோ நாஜிகளோடோ ஒப்பிடும் வாய்ப்பு கூடிக்கொண்டே போய், கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். இதுதான் காட்வின் விதி. அமெரிக்க வழக்கறிஞர் மைக் காட்வின், யூஸ்நெட் என்ற அந்தக்கால இணைய விவாதக் குழுக்களில் நடந்த சண்டைகளைப் பார்த்து 1990-ல் சொன்னது.

ஏலம் மாதிரிதான் இது. எதிராளியைவிட ஒரு படி கடுமையாகச் சொன்னால்தான் அடுத்த பதில் எடுபடும். 'தவறு' என்பது 'முட்டாள்தனம்' ஆகும், பிறகு 'சர்வாதிகாரம்'. அதற்கு மேல் ஏற்ற ஹிட்லரை விட்டால் வேறு பெயர் இல்லை. முகம் தெரியாத இடத்தில், போதும் என்று கையமர்த்தவும் ஆளில்லை. வேகத்தடை பற்றி ஆரம்பித்த பேச்சாக இருந்தாலும், அந்தப் பெயர் விழுந்ததும் 'என்னை நாஜி என்கிறாயா?' என்பது மட்டுமே மிஞ்சும். சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமை வெறும் வசவாகச் சுருங்கிவிடும். காட்வினை உறுத்தியதும் இதுதான்.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஆளை விட்டுச் செயலைச் சொல்லுங்கள்: 1933-ல் ஜெர்மனியில் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவைக்குக் கொடுத்ததா, 1935-ல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்ததா? எது எதோடு ஒத்துப்போகிறது என்று காட்ட முடியாவிட்டால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

'ஹிட்லர் பெயரை எடுத்தவர் தோற்றார்' என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட வழக்கம், விதியில் அப்படி எதுவும் இல்லை; 2017-ல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலம் போனபோது, அவர்களைத் தாராளமாக நாஜிகளோடு ஒப்பிடலாம் என்று காட்வினே எழுதினார்.