மன்னார்குடி மில் விபத்து: 50,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடலாமா?

போடவேண்டாம். உங்கள் மச்சானுக்கு 40 வயது, மாதம் 12,000 சம்பளம், நெல் மில் பெல்ட்டில் சிக்கி ஒரு கையில் இரண்டு விரல் முழுசாகப் போனது, முதலாளி 50,000 ரூபாய் தந்து முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்ட (2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) அட்டவணைப்படி இது 20 சதவீத இழப்பு. சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. 40 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கல் எண் 184.17. பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் சுமார் 2,65,200 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் முத்திரைத்தாள் செல்லாது, ஆனாலும் வழக்கை இழுத்தடிக்க உதவும்.

முதலில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அங்கேதான் கேட்கவேண்டும், இந்த வழி கிடையாது. இல்லையென்றால் 2 வருடத்துக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு.

பெரும்பாலும் கேஸ் சறுக்குவது ஏ.ஆர். காப்பியில்தான் (ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்). கூட வந்த மேஸ்திரி "வழுக்கி விழுந்தார்" என்று சொல்லியிருப்பார், டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார். உடனே வாங்கிப் படியுங்கள். தப்பாக இருந்தால் மில்லில் நடந்ததென்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சம்பளம் வந்த ஜிபே பதிவு எல்லாம் பத்திரம்.

"அவன்தான் கையை விட்டான்" என்பார் முதலாளி. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. பெல்ட்டுக்கு மூடியிருந்து, அதை மச்சானே வேண்டுமென்று கழற்றியிருந்தால் சிக்கல். மூடியே இல்லாத மில்தானே? இப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள், நாளைக்குப் புதுசாக மாட்டிவிடுவார்கள்.