மாத்திரையைக் கூட்டும் முன் கையைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மாமியாருக்கு வயது 66. வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா பிபி 138 என்கிறார், கீழே சேலத்தில் கிளினிக்கில் பார்த்தால் 146. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா? ராத்திரி போட்டால் மாரடைப்பே வராது என்கிறார்களே, நிஜமா? — வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன், கிளினிக்கில் பார்த்தபோது மாமியாரின் கை எங்கே இருந்தது? மடியிலா, தொங்கிக்கொண்டா, மேஜை மேலா? 2024இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 133 பேருக்கு இதையே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மேஜை மேல் நெஞ்சு மட்டத்தில் கை இருக்கும்போது வரும் அளவைவிட, மடியில் வைத்தால் மேல் எண் ஏறக்குறைய 4 கூடுதலாகவும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 கூடுதலாகவும் காட்டியது. கை இதயத்துக்குக் கீழே போனால் அந்த ரத்தத்தின் எடையும் சேர்ந்து அழுத்தும், அவ்வளவுதான் விஷயம். உங்கள் இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 8தானே, அதில் பெரும்பகுதி கையிலேயே போய்விடலாம்! என் அறையிலேயே பல வருடம் ஸ்டூல் ஒரு மூலையில், மேஜை ஒரு மூலையில்தான் கிடந்தது, இதைப் படித்த அன்றைக்குத்தான் வெட்கப்பட்டு மேஜையை இழுத்துப் போட்டேன்.

அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே வந்தவரை உட்கார்ந்த உடனே பார்த்தால் எண் ஏறாமல் என்ன செய்யும். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ரவிக்கைக் கை மேல் பட்டை சுற்றாமல், பேசாமல். ஒரு வாரம் இப்படிப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு முடிவெடுக்க வசதி. அப்போதும் கூடுதலாக இருந்தால் மாத்திரையைக் கூட்டத்தான் வேண்டும், பயப்படாதீர்கள்.

ராத்திரி விஷயம்: 2019இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு இரவில் போட்டால் மாரடைப்பு நன்றாகக் குறையும் என்றது, அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல், ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்த டைம் ஆய்வு 2022இல் வந்தது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் வித்தியாசமில்லை. மறக்காமல் போடும் நேரம்தான் நல்ல நேரம். நீர் பிரியும் மாத்திரை என்றால் மட்டும் காலையில் கொடுங்கள், தோட்டத்து லைன் வீட்டில் கழிப்பறை வெளியே இருந்தால் நடுராத்திரி பனியில் எழுந்து போய் வழுக்கி விழுவது பிபியைவிட மோசம்.

கேள்வி: தறி நெய்யும் அப்பாவுக்கு 72 வயது, மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. ஒரு முன்னெச்சரிக்கைக்காக தினம் ஆஸ்பிரின் ஆரம்பிக்கலாமா? — வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்து நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வு (2018) தெளிவாகச் சொல்லிவிட்டது: இதய நோய் இல்லாதவர்கள் தினம் 100 மில்லிகிராம் போட்டும் நோய்நொடியின்றி வாழும் காலம் நீளவில்லை, ரத்தக் கசிவுதான் கூடியது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஸ்டென்ட் வைத்த பெரியப்பா தன் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார், அவருக்கு இது பொருந்தாது, கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஏற்கனவே போட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: ஏற்காட்டில் வாங்கிய தேன் சளி இருமலுக்குக் கேட்குமா? — வாசகி, ஓமலூர்

பதில்: கேட்கும். ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 2020இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இருமல் குறைந்தது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் நாக்கில்கூடத் தடவாதீர்கள், பாட்டி சொன்னாலும்.