கப்பல் கயிறும் ஆங்கில மரபுத்தொடர்களும் – கடிதம்

வணக்கம் ஐயா,

கல்லூரியில் ஆங்கில மரபுத்தொடர்கள் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்றால் நிதானமில்லாத போதை. மூன்று பாய்களையும் விரித்தால் கப்பல் தள்ளாடும், அதிலிருந்து வந்தது என்று படித்தேன். 'பிட்டர் எண்ட்' (கடைசி முடிவு), 'போஷ்' (ஆடம்பரமான) இரண்டும்கூடக் கப்பலில் பிறந்தவையாமே, உண்மையா?

ர.

அன்புள்ள ர.,

ஷீட் என்பது பாய் அல்ல, கயிறு. பாயின் கீழ்மூலையில் கட்டியிருக்கும் இந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் பாய் காற்றைப் பிடிக்கும். அவிழ்ந்துவிட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். மூன்று கயிறு அவிழ்ந்தால் கப்பல் சொன்ன பேச்சைக் கேட்காது. மாலுமிகள் போதைக்கு இதை ஓர் அளவாகவே வைத்திருந்தார்கள்: லேசாகத் தலைக்கேறினால் ஒரு ஷீட், தலைகால் தெரியாமல் போனால் மூன்று. மூன்று பாய் விரித்த கப்பல் நன்றாகத்தானே ஓடும்?

'பிட்டர் எண்ட்' இன்னும் ருசியான விஷயம். நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டுவதற்குக் கப்பல் தளத்தில் கனமான கட்டைகள் நட்டிருப்பார்கள். அவற்றுக்கு பிட்ஸ் என்று பெயர். கேப்டன் ஜான் ஸ்மித் 1627-இல் வெளியிட்ட கப்பல் தொழில் நூலில், வடத்தில் கப்பலுக்குள்ளேயே தங்கும் பகுதியை 'பிட்டர்ஸ் எண்ட்' என்கிறார். நங்கூரத்தோடு வடம் ஓடி ஓடி அந்த நுனி வந்துவிட்டால், அப்புறம் விடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலத்தில் பிட்டர் என்றால் கசப்பு. விவிலியத்தின் நீதிமொழிகளில் முடிவு எட்டியைப்போலக் கசக்கும் என்று ஒரு வசனம் உண்டு. இன்றைய பொருளில் அந்தக் கசப்பும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

'போஷ்' கதையை விட்டுவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து இந்தியா வரும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை, இரண்டிலும் வெயில் குறைவு, அதனால் பணக்காரர்களின் டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' (போகும்போது இடம், திரும்பும்போது வலம்) என்பதன் முதலெழுத்துகளான P, O, S, H என்ற நான்கையும் குத்தினார்கள் என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அப்படி ஒரு டிக்கெட் இதுவரை கிடைத்ததில்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்குவது இருபதாம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் அபூர்வம். பழைய சொல்லுக்கு அப்படி விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள்.

அதற்குப் பதிலாக 'டேக்கன் அபேக்' சொல்லுங்கள். திகைத்துப்போவது. காற்று திடீரென்று முன்பக்கமாகத் திரும்பிப் பாய்களைப் பாய்மரத்தோடு வைத்து அழுத்தும். ஓடிக்கொண்டிருந்த கப்பல் அப்படியே நின்று, பின்னோக்கி நகரவும் தொடங்கும். காகிதப் பாய் வைத்த ஒரு சின்னக் கப்பலும் மின்விசிறியும் இருந்தால் வகுப்பிலேயே செய்து காட்டிவிடலாம்.