காலையில் சமத்து, சூடானால் அடம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நோய். பழைய டீசல் கார், காலையில் ஒரே செல்ஃபில் எழுந்துவிடுகிறது, சூடானதும் மறுக்கிறது. மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சுருக்கியும் இருக்கிறேன். விற்றவரைத் திட்டிய பகுதிகளைத்தான் அதிகம் வெட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு காமன் ரெயில் டீசல் கார் வாங்கினேன். காலையில் தொட்டதும் ஸ்டார்ட். ஒரு மணி நேரம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அரை மணி ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் நாலு ஹீட்டர் பிளக்கையும் மாற்றினார், பலன் இல்லை. இப்போது "இன்ஜெக்டரா இருக்கும், மாத்திப் பாக்கலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: "மாத்திப் பாக்கலாம்." இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அந்தச் சூடு போதாது என்பதால் ஹீட்டர் பிளக் கை கொடுக்கிறது. ஒரு மணி நேரம் ஓடிய எஞ்சினுக்கு அந்தக் கை தேவையே இல்லை. பிளக் போயிருந்தால் காலையில் அல்லவா மக்கர் செய்ய வேண்டும்? உங்கள் வண்டி காலையில் சமத்தாக எழுந்து, "எனக்கு பிளக் நோய் இல்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்காமல் நாலு பிளக்கை மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அவர் யூகித்தார், யூகத்துக்கு நீங்கள் பில் கட்டினீர்கள். அடுத்த யூகம் இன்ஜெக்டர், அதற்கடுத்தது பம்ப். ஒவ்வொரு யூகமும் முந்தையதைவிடச் செலவு அதிகம், கவனித்தீர்களா?

இத்தனைக்கும் இன்ஜெக்டர், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை, என்ற யூகம் சரியாகவே இருக்கலாம். சூடானால் டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த இன்ஜெக்டர், தேய்ந்த பம்ப் இவற்றின் இடுக்குகளில் கெட்டியான டீசல் அவ்வளவாகக் கசியாது. நீர்த்த டீசல் நழுவிவிடும். பம்ப் அனுப்பும் டீசலை எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக அழுத்தத்தில் தேக்கி வைக்கும் குழாய்தான் ரெயில். செல்ஃப் சுற்றும்போது அதில் குறிப்பிட்ட அழுத்தம், பல வண்டிகளில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவு, ஏறினால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். பம்ப் அனுப்பும் டீசலெல்லாம் ரிட்டர்ன் என்கிற திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிப் போனால் எவ்வளவு நேரம் சுற்றினாலும் பிடிக்காது.

இதை யூகிக்க வேண்டாம், அளக்கலாம். வண்டி சூடாக, அடம் பிடிக்கும் அந்த நேரத்திலேயே, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பி 0087 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் அழுத்தம் குறைகிறது என்று வண்டியே புகார் எழுதி வைத்திருக்கிறது. அடுத்து ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு, எதில் எவ்வளவு டீசல் சேர்கிறது என்று பார்ப்பது. மூன்று குப்பி ஒரே மட்டத்தில் இருந்து ஒன்று மட்டும் நிரம்பினால் ஆள் அகப்பட்டான். அந்த ஒன்றை மட்டும் பாருங்கள், நாலையும் அல்ல. நாலிலும் கொஞ்சமாகவே சேர்கிறது, ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை என்றால் சந்தேகம் பம்ப் பக்கம் போகிறது. பம்புக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளந்துவிடும் வால்வு, ரெயில் முனையில் இருக்கும் அழுத்த வால்வு, கடைசியாகத்தான் பம்ப். இந்தச் சோதனையை ஆறின எஞ்சினில் செய்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று சொல்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

குறிப்பு: ஆர்வத்தில் யாரும் ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டாம். ஓடும்போது அதில் 1000 பாருக்கு மேல் போகும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். பார்க்கச் சின்ன புள்ளிபோல இருக்கும், அறுவை சிகிச்சை வரை போகும்.

கேள்வி: சூடானபின் செல்ஃப் அடித்தால் ஆர்பிஎம் முள் அசையவே இல்லை. ஆறியபின் அடித்தால் லேசாக எழும்புகிறது. ஓடும்போதே இரண்டு முறை அணைந்தும் போனது.

பதில்: கிராங்க் சென்சார், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது. சூட்டில் உள்ளே இணைப்பு விட்டுப்போய், ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் சுற்றுவது தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் டீசல் விடாது. முள் குளிரில் அசைகிறது, சூட்டில் இல்லை என்று நீங்களே பார்த்து எழுதியது அருமை. ஸ்கேனரில் பி 0335 இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ஒயரையும் கனெக்டரையும் பார்த்துவிட்டு மாற்றுங்கள். அணைந்து போகும் வண்டியை அதுவரை நெடுஞ்சாலையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் உடனே பிடிக்கிறது. தொடரலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: புரோக்கர் வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. கலர் மனைவிக்குப் பிடித்திருந்தது. அன்றே பணம் கொடுத்துவிட்டேன். மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: அவர் ஏமாற்றினாரா என்று தெரியாது. நீங்கள் கேட்கவே இல்லையே! எத்தனை முறை நீங்களே அணைத்து, நீங்களே ஸ்டார்ட் செய்து பார்த்தீர்கள் என்று கடிதத்தில் தேடினேன். ஒரு முறைகூட இல்லை. கலரைப் பற்றி ஆறு வரி இருக்கிறது.

சரி, உங்களை ரொம்பத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. என் முதல் டீசல் காரை வாங்கிய அன்று, விற்றவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. "ஏசி ஓடட்டும் சார், வெயிலா இருக்கு" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். பேரம் பேசி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கையில் வாங்கும் வரை, ஏன், சாவியைத்தான் வாங்கவில்லையே, அது வண்டியிலேயே மாட்டியிருந்தது! டீசல் போட நிறுத்தினேன். அதன்பின் அது முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்களாவது இதைச் செய்யுங்கள். விற்பவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள், அவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன் போங்கள். ஆறின எஞ்சினில் ஒரு முறை ஸ்டார்ட். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அணைத்து உடனே ஒரு முறை ஸ்டார்ட். மறுபடி அணைத்து, பானெட்டைத் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அணைத்தவுடன் எஞ்சின் ஆறத் தொடங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தண்ணீர் ஓட்டமும் காற்றும் நின்றுபோவதால், சுற்றியுள்ள பம்ப், சென்சார், செல்ஃப் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் இன்னும் சூடேறும். ஒளிந்திருக்கும் நோய் வெளியே வருவது அப்போதுதான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் விற்பவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் எனக்கு வாங்கித் தந்த கார். சூட்டிலும் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆனது, ஆனால் புகையும் டீசல் செலவும் அதிகம். வேறொரு மெக்கானிக் பார்த்தபோது, டெம்பரேச்சர் சென்சார் ஒயரில் டேப் சுற்றி ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடையைக் கூட்டும் துண்டு) ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். அதை எடுத்ததும் சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறும் இல்லை, அப்பாவின் தவறும் இல்லை. நான் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் செய்திருந்தாலும் இந்த வண்டி பாஸ் ஆகியிருக்கும். இது கவனக்குறைவைப் பயன்படுத்தியது அல்ல, திட்டமிட்ட திருட்டு.

அந்தச் சென்சார் குளிரில் அதிக மின்தடை காட்டும், சூட்டில் குறைவாகக் காட்டும். இடையில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால், எஞ்சின் கொதித்தாலும் கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்ததாக நினைத்து டீசலை அதிகமாக விடும். தேய்ந்துபோன பம்பும் அதில் எப்படியோ பிடித்துக்கொள்ளும். புகையும் செலவும் அதனால்தான். மற்றவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்கேனரை மாட்டுங்கள். எஞ்சின் தண்ணீரின் வெப்பமும் வெளிக்காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகக் காட்ட வேண்டும். தண்ணீர் மட்டும் நன்றாகக் குறைத்துக் காட்டினால் ஒயரைப் பிரித்துப் பாருங்கள்.

நீங்கள் இப்போது எதையும் ரிப்பேர் செய்ய வேண்டாம். அந்த ரெசிஸ்டரையும் டேப்பையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். இருந்த இடத்தைப் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் என்ன கண்டார், எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். விளம்பரம், விற்றவர் அனுப்பிய செய்திகள், ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, விற்றவருக்கு எழுத்தில், பதிவாகும் வகையில், பதிலுக்கு ஒரு தேதி குறித்து அனுப்புங்கள். போனில் சண்டை வேண்டாம், அது காற்றோடு போய்விடும். பதில் வராவிட்டால், விற்றவர் வண்டி வியாபாரி என்றால் அதே கட்டோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். "பழைய வண்டி, உள்ளபடியே விற்றேன்" என்பார். பழுதைச் சொல்லாமல் விடுவது வேறு, கருவி வைத்து மறைப்பது வேறு. அந்த ரெசிஸ்டர் தானாக முளைக்கவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள். கோபப்படுவார், ஆனால் உங்கள் மேல் இல்லை.

கேள்வி: சூடானால் செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது. இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் சரிவான இடம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.

பதில்: முதல் பேட்டரி சரி, இரண்டாவது எதற்கு? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். சுமார் 9.6-க்குக் கீழே இறங்காமல், செல்ஃப் மட்டும் திணறினால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அடுத்து, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. இந்த எர்த்தைப் பார்க்காமல்தான் நான் ஒரு முறை "புதுப்பித்த" செல்ஃப் மோட்டார் ஒன்றை வாங்கினேன். புதுப்பித்திருந்தது பெயிண்ட் மட்டும். ஒயர் நன்றாக இருந்தால் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் தேய்மானம் பார்க்கச் சொல்லுங்கள்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வது பழகிப்போக வேண்டாம். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் பழசாக இருந்தால் அந்த உலுக்கலில் பல் தாண்டிவிடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

கேள்வி: என்னுடையது காமன் ரெயில் வருவதற்கு முந்தைய வண்டி, ரோட்டரி பம்ப். இதற்கும் அதே சிகிச்சைதானா?

பதில்: இதற்கு ஸ்கேனரே வேண்டாம், ஒரு துணி போதும். வண்டி அடம் பிடிக்கும்போது, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை பம்ப் மேல் சுற்றிச் சில நிமிடம் வையுங்கள். பக்கத்தில் ஆல்டர்னேட்டர் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே பிடித்தால் பம்பின் ஹெட்டும் ரோட்டரும், அதாவது உள்ளே டீசலை அழுத்திப் பங்கிடும் பாகங்கள், தேய்ந்திருக்கின்றன. காமன் ரெயில் கார்கள் சந்தைக்கு வந்தது 1997-இல்தான். அதற்கு முன்பிருந்தே மெக்கானிக்குகள் செய்துவந்த சோதனை இது. பம்பை, கழற்றி ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் பிரிக்கக் கொடுங்கள்.

கேள்வி: டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் ஐந்து பாட்டில் முடிந்தது. ஆறாவது ஊற்றலாமா?

பதில்: அது அழுக்கைக் கரைக்கலாம், தேய்ந்த உலோகத்தை வளர்க்காது. என் அலமாரியிலும் மூன்று பாட்டில் கிடக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.

கேள்வி: டீசல் ஃபில்டரைப் பிரித்தபோது மினுமினுப்பாக இரும்புத்தூள். பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் போச்சு என்கிறார்கள். இது உங்கள் "மாத்திப் பாக்கலாம்" கூட்டம்தானே?

பதில்: இல்லை, இந்த முறை அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பம்ப் தன்னையே அரைத்துக்கொள்கிறது. அந்தத் தூள் எல்லா இடத்துக்கும் போயிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் தூள் புதுப் பம்பையும் தின்னும். டேங்க் கழுவப்பட்டதா என்று கேளுங்கள். ரீகண்டிஷன் இன்ஜெக்டர் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பெஞ்ச் ரிப்போர்ட் வாங்குங்கள். குறியீட்டு எண் உள்ள இன்ஜெக்டராக இருந்தால் அதை வண்டிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அடியில் புது காப்பர் வாஷர் போட வேண்டும். கழற்றிய பழசு எல்லாம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். அப்புறம், இதுவரை எங்கே டீசல் போட்டீர்கள் என்று யோசியுங்கள். அந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தாலும், தவறி பெட்ரோல் விழுந்தாலும் அது வறண்டு தேயும்.

கேள்வி: ஒருவர் விலை சொல்லும்போதே "சூட்டில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், ஒரு இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகம்" என்று சொல்லி, ரிப்போர்ட்டையும் காட்டினார். ஓடிவிடட்டுமா?

பதில்: எதற்கு ஓட வேண்டும்? இத்தனை கடிதத்தில் பழுதைச் சொல்லி விற்கும் ஒரே ஆள் இவர்தான். அதே டெஸ்டை உங்கள் மெக்கானிக்கிடம் சூட்டில் ஒரு முறை செய்து, அந்த ஒரு இன்ஜெக்டரின் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்கு எழுதுங்கள், நானே போய்ப் பார்க்கிறேன்.