முதலில் செஸ்னா: வீட்டு சிமுலேட்டர் பற்றிய கேள்வி பதில்

வீட்டுக் கொம்பியூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் பிளைட் சிமுலேட்டர் பற்றித் தனித்தனியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இரவில் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சரி, தொடங்குவோம். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். நான் விமானி இல்லை. மட்டக்களப்பில் கொம்பியூட்டர் திருத்துகிறேன். மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர் 98 காலத்திலிருந்து வீட்டில் பறக்கிறேன்.

கல்லடி: அண்ணா, என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள லப்டொப் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. எதில் தொடங்கலாம்?

பிளைட்கியர் என்ற சிமுலேட்டர். இலவசம், தன்னார்வலர்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து எழுதிவருவது. காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால் உங்கள் லப்டொப்பில் ஓடும். மரமும் வீடும் அவ்வளவு வடிவாக இராது. ஆனால் அதிலுள்ள செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சின்ன விமானம் ஒழுங்காகப் பறக்கும், வேகம் குறைந்தால் ஒழுங்காக விழவும் செய்யும். பழகுவதற்கு அதுதான் வேண்டும். இறக்கிய கையோடு ஏ320 மாதிரிப் பெரிய பயணிகள் ஜெட் தேடிப் போகாதீர்கள். முதல் ஒரு மாதம் செஸ்னா மட்டும்.

சம்மாந்துறை: புது மெஷின் போட்டிருக்கிறேன், 32 ஜிபி ரேம், நல்ல கார்ட். மைக்ரோசொப்ட் 2024ஆ, எக்ஸ்-பிளேன் 12ஆ?

மெஷின் இரண்டுக்கும் போதும். உங்கள் இன்டர்நெட்டைப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். மைக்ரோசொப்ட்டின் 2020, 2024 இரண்டு பதிப்பிலும் நிலம் பிங் வரைபடத்தின் செய்மதிப் படங்களிலிருந்து வருகிறது. 2024ஐ நிறுவ 50 ஜிபி இடம் போதும் என்கிறார்கள். மிச்சமெல்லாம் பறக்கப் பறக்க லைனில் வந்து இறங்கும். குறைந்தது 10 எம்பிபிஎஸ் வேகம், நன்றாக ஓட 50 என்பது அவர்களே சொன்ன கணக்கு. 2020 பதிப்பு வேறு மாதிரி. முதலிலேயே 150 ஜிபி இடம் கேட்கும், ஆனால் ஒரு பகுதியின் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்-பிளேனில் உலகம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது. வேண்டிய கட்டத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் லைன் இல்லாமலே பறக்கலாம். இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கும் பதிப்பும் உண்டு.

பைபர் லைன் இருந்தால் 2024. மாரியில் நாலு தரம் அறுந்து போகும் ரவுட்டரும் எண்ணிச் செலவழிக்கும் டேட்டாவும் என்றால் எக்ஸ்-பிளேன். ஆனால் புளியந்தீவையும் கல்லடிப் பாலத்தையும் மேலிருந்து பார்க்கிற ஆசை மட்டும்தான் காரணம் என்றால் மைக்ரோசொப்ட்டுக்கே போங்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு.

எதை வாங்கினாலும் முதலில் செஸ்னா.

ஏறாவூர்: 8 ஜிபி, ஐ5 லப்டொப்பில் 2024 ஓடுமா?

ஓடாது. ஆகக் குறைந்தது 16 ஜிபி கேட்கும். கல்லடித் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வாழைச்சேனை: கிராக் செய்த கொப்பி எங்கே எடுக்கலாம்?

அதை என்னிடம் கேட்க வேண்டாம். என் மேசைக்கு வரும் லப்டொப் பலதிலும் வைரஸ் புகுந்தது அப்படித்தான். காசு இல்லாவிட்டால் பிளைட்கியர் இருக்கிறது.

கல்முனை: தம்பி, 2004 பதிப்போடு விட்டவன் நான். இப்போது வேலை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, திரும்பி வர ஆசை. மீக்ஸ் பீல்டிலிருந்து ஏறிய காலம் போய்விட்டதா?

அண்ணன், மீக்ஸ் போய்விட்டது. சிக்காகோ ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன விமான நிலையத்தின் ஓடுபாதையை 2003 மார்ச்சில் ஓர் இரவில் புல்டோசர் விட்டுக் கிழித்தார்கள். மேயர் டேலியின் உத்தரவு. பழைய பதிப்புகளைத் திறந்தவுடன் நாம் நின்றது அந்த ஓடுபாதையில்தான். அந்தச் செய்தியை வாசித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மற்றதெல்லாம் கை மறக்காது. 2020 பதிப்பில் சக்கரத்துக்கு அதே ஜி, ப்ளெப்ஸுக்கு (மெதுவாகப் பறக்க இறக்கையிலிருந்து இறக்கும் தகடு) அதே எப்6, எப்7. ஆனால் ஒரு பழக்கத்தை நீங்கள் விட வேண்டியிருக்கும். நமது காலத்தில் திரையின் பாதியை மீற்றர் பலகை மறைத்துக்கொண்டிருந்தது. வெளியே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே மீற்றரை முறைத்துப் பார்த்தே பழகினோம். இப்போது வெளியே அடிவானம் தெளிவாகத் தெரிகிறது. விமானத்தின் மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை வைத்து ஓட்டுங்கள், மீற்றரை இடைக்கிடை எட்டிப் பார்த்தால் போதும். எனக்கு இந்தப் பழக்கம் மாற இரண்டு மாதம் எடுத்தது.

இன்னொன்று, மேலெழும்பும்போது விமானம் இடப்பக்கம் இழுத்தால் பழுது என்று நினைக்காதீர்கள். செஸ்னாவின் காற்றாடி விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிப் போய் வாலின் இடப்பக்கத்தில் அடிக்கும். மூக்கு உயர்ந்திருக்கும்போது கீழிறங்கும் வலப்பக்க அலகு கூடுதலாக இழுக்கும். இரண்டும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் திருப்பும். ரடர் என்பது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு; அதன் வலக்கால் மிதியைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். பழைய பதிப்பில் இதை நாம் அவ்வளவாக உணரவில்லை. உதவி அமைப்புகளை நிறுத்தினால் இப்போது நன்றாகத் தெரியும். நிறுத்துங்கள்.

காத்தான்குடி: நானா, ஜொய்ஸ்டிக் எது வாங்கலாம்? யோக்கும் (கைச்சக்கரம்) பெடலும் சேர்த்து எடுக்கவா?

எடுக்க வேண்டாம். திருகினால் ரடர் வேலை செய்யும் ஒற்றை ஜொய்ஸ்டிக் ஒரு வருடத்துக்குப் போதும். லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோவிலும் திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம்மிலும் அந்த வசதி உண்டு. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பல ஜொய்ஸ்டிக்குகளில் இருப்பது உரசி ஓடும் பொட்டென்சியோமீற்றர். திரஸ்ட்மாஸ்டரின் தடி காந்த சென்சரில் ஓடுகிறது, அதில் உரசுவதற்கு ஒன்றுமில்லை. நம் கரையோர உப்புக் காற்று உரசும் பாகத்தை விட்டுவைக்காது. என் முதல் ஜொய்ஸ்டிக்கில் ஒரு கிழமை முழுக்க விமானம் இடப்பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து இரவிரவாகப் பழகினேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு. கொன்டக்ட் கிளீனர் அடித்ததும் சரி. பாவிக்காத நேரம் துணியால் மூடி வையுங்கள்.

ஆரையம்பதி: மகனுக்குப் பத்து வயது, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் திரையைப் பார்த்தால் கண்ணுக்குக் கூடாதா?

அக்கா, அதைக் கண் வைத்தியரிடம் கேளுங்கள்.

திருக்கோவில்: ஏ/எல் படிக்கிறேன். சிமுலேட்டர் மணித்தியாலங்கள் லைசன்ஸுக்குக் கணக்கில் சேருமா அண்ணா?

வீட்டில் பறப்பது சேராது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை அங்கீகரித்த பயிற்சிக் கருவியில், ஆசிரியரோடு இருந்து பறந்தால் மட்டும் ஓரளவு சேரும். தனியார் விமானி லைசன்ஸுக்குச் சர்வதேச ஒழுங்கின்படி ஆகக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு (அங்கீகரித்த பயிற்சி நெறி என்றால் 35), வயது 17. மருத்துவப் பரிசோதனையும் உண்டு, அதை முதலில் செய்துகொள்ளுங்கள். மற்றதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமே கேளுங்கள்.

அக்கரைப்பற்று: ஏ320இல் இறங்கும்போது ஒவ்வொரு முறையும் துள்ளுகிறது. சில நேரம் ஓடுபாதைக்கு முன்னமே விழுந்து விடுகிறேன்.

ஏ320ஐ விட்டு இறங்குங்கள் தம்பி. அந்த விமானம் உங்களுக்கு ஒன்றும் சொல்லித் தராது. அதன் கொம்பியூட்டர் உங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டே வரும், நீங்கள் பிழை விட்டதே உங்களுக்குத் தெரியாது.

செஸ்னாவில் வாருங்கள். மட்டக்களப்பு ஓடுபாதை 06/24, அதாவது வடகிழக்கு நோக்கி இறங்கினால் 06, தென்மேற்கு நோக்கி இறங்கினால் 24. வாடைக் காற்றுக் காலம் என்றால் 06, கச்சான் அடிக்கிறதென்றால் 24. எப்போதும் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். 24இல் வந்தால் முதலில் கடல், பிறகு வாவி கீழே போகும். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 1000 அடி உயரத்தில் வரும்போதே வேகத்தைக் குறைக்கத் தொடங்குங்கள். கடைசி நேர்கோட்டில் 65 நொட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), முழு ப்ளெப்ஸ். அந்த 65க்கு ட்ரிம் செய்யுங்கள், அதாவது தடியைப் பிடிக்காமலே அந்த வேகம் நிற்கும்படி சரிசெய்யுங்கள். மைக்ரோசொப்ட் பதிப்புகளில் நம்பர் பேட் 7 மூக்கைக் கீழே விடும், 1 மேலே தூக்கும். கையை எடுத்தாலும் விமானம் 65இலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ட்ரிம் முடியவில்லை. பிறகு மூக்கால் வேகத்தைப் பிடியுங்கள், த்ரொட்டிலால் (பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) உயரத்தைப் பிடியுங்கள். ஓடுபாதையின் தொடக்கம் கண்ணாடியில் மேலே ஏறுகிறதென்றால் நீங்கள் முன்னமே விழப் போகிறீர்கள், பவர் கூட்டுங்கள். கீழே இறங்குகிறதென்றால் தாண்டிப் போகிறீர்கள், குறையுங்கள். துள்ளுவதற்குக் காரணம் அநேகமாக 75, 80 நொட்டில் வந்து சக்கரத்தை நிலத்தில் குத்துவது.

களுவாஞ்சிகுடி: அண்ணன் சொல்வது பிழை. ஐஎல்எஸ்ஸில் (ஓடுபாதைக்கு இறங்க வழிகாட்டும் ரேடியோ அலை) மூக்கை வைத்துத்தான் பாதையைப் பிடிக்கிறோம், வேகத்தைப் பார்ப்பது பவரைத் தானாக மாற்றும் ஒட்டோத்ரொட்டில். நேர்மாறாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

ஜெட் விமானத்தின் ஒட்டோபைலட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. நான் பேசுவது 65 நொட்டில் வரும் செஸ்னா பற்றி. பாதைக்குக் கீழே போய்விட்டீர்கள், வேகமும் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். மூக்கைத் தூக்கினால் ஒரு நொடி மேலே போகும். பிறகு வேகம் 50க்கு விழும், இழுவை கூடும், முன்னையை விடக் கெதியாகக் கீழே இறங்கும். அக்கரைப்பற்றுத் தம்பி ஓடுபாதைக்கு முன்னால் விழுவது இதனால்தான்.

களுவாஞ்சிகுடி: ஆனாலும் மூக்கைத் தூக்கியவுடன் மேலே போகிறதுதானே? அப்படியென்றால் உயரத்தை மூக்குத்தானே ஆளுகிறது?

ஏறாவூர் (வேறொருவர், பௌதிகவியல் ஆசிரியர்): இரண்டு பேரும் ஒரே சக்திக் கணக்கின் இரண்டு பக்கத்தைச் சொல்கிறீர்கள். மூக்கைத் தூக்கி இறக்கும் வால் தகடான எலிவேட்டர் புதிதாகச் சக்தி தராது. இருக்கிற வேகத்தை உயரமாக மாற்றும், உயரத்தை வேகமாக மாற்றும். மொத்தச் சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் த்ரொட்டில்.

சேர், மிக்க நன்றி. இதை இவ்வளவு சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது. களுவாஞ்சிகுடித் தம்பி, மூக்கைத் தூக்கியவுடன் கிடைத்த அந்த உயரம் வேகத்தை விற்று வாங்கியது. 120 நொட்டில் விற்பதற்கு வேகம் இருக்கிறது. 55இல் கையில் ஒன்றும் இல்லை. பெரிய ஜெட்டில் நிலைமை வேறு. அதன் எஞ்சின் அடங்கி இருந்தால் முழுப் பவருக்கு வரச் சில நொடிகள் எடுக்கும், உடலும் பாரம். ஆகவே பாதையை மூக்கால் நுணுக்கமாகப் பிடித்து, பவரைச் சீராக வைத்துக்கொள்வது அங்கே பொருந்தும்.

வாயால் சொல்லி முடியாது, செய்து பாருங்கள். வாவிக்கு மேல் 2000 அடியில் 65 நொட்டுக்கு ட்ரிம் செய்து, தடியிலிருந்து கையை எடுங்கள். த்ரொட்டிலை மட்டும் கூட்டுங்கள். வேகமானியைப் பாருங்கள்.

நிந்தவூர்: அண்ணா, 4 ஜிபி ரேமில் 2024...

ஓடாது. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

ஓட்டமாவடி: போனில் பழகலாமா?

காட்சி பார்க்கலாம். ட்ரிம், ரடர் எல்லாம் கைக்குப் பழகாது.

களுவாஞ்சிகுடி: செய்து பார்த்தேன். பவர் கூட்டினதும் மூக்குத் தானாக மேலே போனது, கொஞ்சம் ஏறி இறங்கி ஆடியது, பிறகு ஏறிக்கொண்டே இருந்தது. வேகம் 63, 64இல் நின்றது. கூடவே இல்லை. குறைத்தேன், அதே வேகத்தில் கீழே இறங்கியது.

அதுதான் தம்பி. ட்ரிம் வேகத்தைப் பிடித்துக்கொண்டது, பவர் ஏற்றி இறக்கியது. அந்த ஆட்டத்தையும் கவனித்தீர்கள், நல்ல கண்.

களுவாஞ்சிகுடி: செஸ்னாவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஏ320க்கு நான் சொன்னதுதான்.

ஏ320க்கு நீங்கள் சொன்னதுதான்.

கல்லடி: அண்ணா, பிளைட்கியர் இறக்கி முடிந்தது, செஸ்னா எஞ்சினும் ஸ்டார்ட். மட்டக்களப்பு ஓடுபாதையில் நிற்கிறேன். எங்கே போகலாம்?

அம்பாறைக்குப் போங்கள், உகணையில் இருக்கிற ஓடுபாதைக்கு. ஏறத்தாழ 22 கடல் மைல் தெற்கே, செஸ்னாவில் கால் மணித்தியாலம் கூட இல்லை. 55 நொட்டில் மெல்லத் தடியை இழுங்கள், வலக்கால் ரடர் மறக்காதீர்கள். 2000 அடிக்கு ஏறி, வாவியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போங்கள். வாவி முடிந்து வயல்வெளி வந்த பிறகு தென்மேற்கே ஒரு பெரிய நீர்ப்பரப்பு மின்னினால் அது சேனநாயக்க சமுத்திரம். உகணை அதற்கு முன்னாலேயே, வடகிழக்குப் பக்கம். அதைத் தாண்டினால் திரும்புங்கள். ஒட்டோபைலட் வேண்டாம். 2000 அடியில் நேராக வந்ததும் ட்ரிம் செய்து, கையை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.